கணினித் திரை இணைப்பு வடம்

கணினித் திரை இணைப்பு வடம் என்பது, கணினியின் வரைகலை அட்டையில் உருவாகும் படத்தைக் கணினித் திரைக்குக் கொண்டு செல்லும் மின்வடம் ஆகும். பேச்சு வழக்கில் வடம் கேபிள் எனவும், அது செருகப்படும் வாய் போர்ட் எனவும் வழங்கப்படுகின்றன. வி.ஜி.ஏ, டி.வி.ஐ, எச்.டி.எம்.ஐ, டிஸ்பிளேபோர்ட், யூ.எஸ்.பி-சி ஆகியவை இன்று காணப்படும் முதன்மையான வகைகள் ஆகும். இவற்றுள் சில, உருவத்தில் ஒத்திருந்தும் வெவ்வேறு வகையான குறிகைகளைக் கொண்டு செல்கின்றன. வேறு சில, உருவத்தில் வேறுபட்டிருந்தும் ஒரே வகைக் குறிகையைக் கொண்டு செல்கின்றன. எனவே முனை போர்ட்டில் பொருந்திவிட்டது என்பதனால் மட்டும் இணைப்பு பொருந்திவிட்டதாகக் கொள்ள முடியாது.

திரையில் படம் தோன்றுவதற்குப் பின்வரும் நான்கும் ஒத்துப்போக வேண்டும்.

1. முனையின் வடிவம்
2. குறிகையின் வகை (ஒப்புமையா, எண்ணிமமா என்பது)
3. குறிகை செல்லும் திசை
4. தரவு வீதம்

கடலோரப் பகுதிகளில் இவற்றோடு ஐந்தாவதாக, தொடுமுனைகளின் தூய்மையும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். இக்கட்டுரை பழவேற்காடு ஏரிப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவற்றை விளக்குகின்றது.

பழவேற்காட்டுச் சூழல்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே உள்ள மணல் திட்டுகளில் லைட்ஹவுஸ்குப்பம், கூனங்குப்பம், அரங்கங்குப்பம், கோரைக்குப்பம் முதலிய மீனவ ஊர்கள் உள்ளன. ஒருபுறம் கடலும் மறுபுறம் காயலும் இருப்பதால், இவ்வூர்களில் எத்திசைக் காற்றும் ஈரத்தையும் உப்பையும் சுமந்தே வருகின்றது.

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பயின்ற மேல்நிலை மாணவர்களுக்கும், கல்லூரி மாணவர்களுக்கும் அத்திட்டத்தின் கீழ்ப் பல ஆண்டுகள் மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. பல வீடுகளில் முதல் கணினியாக அமைந்தது அதுவே. மடிக்கணினியில் முதலில் பழுதாகக்கூடிய பாகங்களுள் ஒன்று அதன் திரை ஆகும். திரை உடைந்த மடிக்கணினியின் உட்பகுதி பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும். அதனை ஒரு பழைய மேசைத் திரையோடு இணைத்துவிட்டால், புதுக்கணினி வாங்காமலே படிப்பைத் தொடரலாம். இங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் வடமே. தவறான வடத்தை வாங்கிச் செருகிப் படம் வராத நிலையில், கணினியே பழுதாகிவிட்டது என்று எண்ணி அதைப் பழைய பொருளாக விற்றுவிட நேரிடுகின்றது.

மீனவ ஊர்களில் கணினித் திரைக்கு வேறு பயன்களும் உள்ளன. 1998 ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் ஊரகத் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான வீராம்பட்டினம் மையத்தில், அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு இணையத்திலிருந்து பெறப்பட்டு, ஒலிபெருக்கி வழியாகக் கடற்கரையில் அறிவிக்கப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகளுக்கான தேசிய மையம், மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை வரைபடங்களாக வெளியிடுகின்றது. இத்தகைய வரைபடங்களைக் கைப்பேசியின் சிறு திரையைவிடக் கணினித் திரையில் தெளிவாகக் காணலாம்.

படம் திரைக்குச் செல்லும் விதம்

வரைகலை அட்டை, திரையில் காட்ட வேண்டிய ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவை எண்களாகத் தன் நினைவகத்தில் வைத்துள்ளது. இப்புள்ளிகளை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாகப் படித்து, நொடிக்கு 60 முறை முழுப்படத்தையும் வடத்தில் அனுப்புவது பொதுவான வழக்கம். மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தனி அட்டை கிடையாது. வரைகலைப் பகுதி செயலியிலேயே அமைந்திருக்கும். ஆயினும் வடத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே.

அனுப்பும் முறை இருவகைப்படும். ஒப்புமை முறையில் ஒவ்வொரு நிறத்தின் அளவும், தொடர்ச்சியாக ஏறி இறங்கும் ஒரு மின்னழுத்தமாக மாற்றப்படுகின்றது. எண்ணிம முறையில் அந்த எண்கள் 0, 1 என்னும் இரு நிலைகளாகவே அனுப்பப்படுகின்றன. ஒப்புமைக் குறிகையை எண்ணிமத் திரை நேரடியாகப் படிக்காது. எண்ணிமக் குறிகையை ஒப்புமைத் திரையும் படிக்காது. இடையில் ஒரு மின்னணுச் சுற்று இருந்து மொழிபெயர்த்தாக வேண்டும்.

படம் அட்டையிலிருந்து திரைக்குச் செல்வது போல, சிறு தகவல் ஒன்று திரையிலிருந்து அட்டைக்கும் வருகின்றது. தான் எந்தெந்தப் பிரிதிறன்களை ஏற்கும், எந்தப் புதுப்பிப்பு வீதத்தில் இயங்கும் என்பவற்றைத் திரை ஒரு சிறு நினைவகத்தில் வைத்திருக்கும். இதன் அடிப்படைப் பகுதியின் அளவு 128 பைட்டுகள் ஆகும். இது ஈ.டி.ஐ.டி எனப்படுகின்றது. கணினி இதனைப் படித்த பின்னரே தகுந்த பிரிதிறனைத் தெரிவு செய்கின்றது. இத்தகவல் வராவிடில் படம் தோன்றினாலும் தெளிவற்ற, குறைந்த பிரிதிறனிலேயே தோன்றும்.

வகைகள்

வி.ஜி.ஏ

1987 ஆம் ஆண்டில் ஐ.பி.எம் நிறுவனம் தன் பி.எஸ்/2 கணினிகளோடு அறிமுகப்படுத்திய முறை இதுவாகும். முனையில் மூன்று வரிசைகளில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. இரு பக்கமும் திருகாணிகள் இருக்கும். இது முற்றிலும் ஒப்புமை முறை ஆகும். 1, 2, 3 ஆம் ஊசிகள் முறையே சிவப்பு, பச்சை, நீல நிறங்களைக் கொண்டு செல்கின்றன. நிறத்தின் உச்ச மின்னழுத்தம் 0.7 வோல்ட், வடத்தின் மின்மறுப்பு 75 ஓம். 13, 14 ஆம் ஊசிகள் வரிசையும் முழுப்படமும் தொடங்கும் நேரத்தை அறிவிக்கின்றன. 12, 15 ஆம் ஊசிகள் ஈ.டி.ஐ.டி தகவலுக்கு உரியவை. பல வடங்களில் 9 ஆம் ஊசி இருப்பதில்லை. இது தயாரிப்பின்போதே விடப்பட்டது, முறிந்துபோனது அன்று.

வி.ஜி.ஏ-க்கு முன்பிருந்த ஐ.பி.எம் திரைகள் (1981 இன் எம்.டி.ஏ, சி.ஜி.ஏ, 1984 இன் ஈ.ஜி.ஏ) 9 ஊசிகள் கொண்ட எண்ணிம முறையையே பயன்படுத்தின என்பது கவனிக்கத்தக்கது. மிகுதியான நிறங்களைக் காட்டும் தேவையினால் ஒப்புமை முறைக்கு மாறிய தொழில்நுட்பம், தட்டைத் திரைகள் பரவிய பின் மீண்டும் எண்ணிமத்துக்குத் திரும்பியது.

டி.வி.ஐ

1999 ஆம் ஆண்டில் வெளியான முறை. வெண்ணிற முனைகளால் எளிதில் அடையாளம் காணலாம். இதில் மூன்று உட்பிரிவுகள் உண்டு. டி.வி.ஐ-டி எண்ணிமக் குறிகையை மட்டும் தரும். டி.வி.ஐ-ஏ ஒப்புமைக் குறிகையை மட்டும் தரும். டி.வி.ஐ-ஐ இரண்டையும் தரும். முனையில் உள்ள தட்டையான தகட்டைச் சுற்றி நான்கு சிறு ஊசிகளோ, அவற்றுக்கான துளைகளோ இருந்தால் ஒப்புமைக் குறிகைக்கு இடமுண்டு என்று அறியலாம். டி.வி.ஐ-ஐ வடம், டி.வி.ஐ-டி போர்ட்டில் நுழையாது. வலிந்து அழுத்தினால் அந்த நான்கு ஊசிகளும் வளையும். ஒற்றை இணைப்பு வடம் 60 எர்ட்சில் 1920×1200 வரையும், இரட்டை இணைப்பு வடம் 2560×1600 வரையும் ஏற்கும்.

எச்.டி.எம்.ஐ

2002 ஆம் ஆண்டில் வெளியானது. 19 தொடுமுனைகள் கொண்டது. படத்தோடு ஒலியையும் கொண்டு செல்லும். இதன் படக் குறிகை டி.வி.ஐ-யின் எண்ணிமக் குறிகையை ஒத்தது. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே எளிய வடம் ஒன்றே போதுமானது. மின்னணுச் சுற்று தேவையில்லை. தொலைக்காட்சிகளிலும் மடிக்கணினிகளிலும் பரவலாகக் காணப்படுவது இதுவே.

டிஸ்பிளேபோர்ட்

வெசா என்னும் தர அமைப்பு 2006 ஆம் ஆண்டில் வெளியிட்டது. 20 தொடுமுனைகள் கொண்டது. முனையின் ஒரு மூலை மட்டும் வெட்டப்பட்டது போல் இருக்கும். இதில் தரவு சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பப்படுகின்றது. பல அட்டைகளின் டிஸ்பிளேபோர்ட், தேவைப்படும்போது எச்.டி.எம்.ஐ குறிகையையும் தரவல்லது. இவ்வசதி போர்ட்டின் அருகே உள்ள இரு கூட்டல் குறிகளால் சுட்டப்படுகின்றது.

யூ.எஸ்.பி-சி

2014 ஆம் ஆண்டில் வெளியான, 24 தொடுமுனைகள் கொண்ட நீள்வட்ட முனை. சில கணினிகளில் இதன் வழியே டிஸ்பிளேபோர்ட் குறிகையும் செல்லும். எல்லா யூ.எஸ்.பி-சி போர்ட்டுகளிலும் இவ்வசதி இராது. மின்னேற்றத்துக்கு மட்டும் உரிய வடங்களும் உருவத்தில் இவ்வாறே இருப்பதால், கணினியின் கையேட்டைப் பார்த்து உறுதி செய்த பின்னரே வடம் வாங்க வேண்டும்.

ஒப்புமை முறையின் விலகல்

2010 டிசம்பரில் இன்டெல், ஏ.எம்.டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்.ஜி ஆகிய நிறுவனங்கள் வி.ஜி.ஏ முறையைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக அறிவித்தன. 2016 இல் வெளியான என்விடியாவின் ஜி.டி.எக்ஸ் 1080 அட்டையில் டி.வி.ஐ போர்ட் இருந்த போதிலும், அது ஒப்புமைக் குறிகை இல்லாத டி.வி.ஐ-டி வகையே ஆகும். ஆனால் பழைய திரைகள் விரைவில் அழிவதில்லை. குறைந்த விலையில் கிடைக்கும் 17 அங்குலத் திரைகள் பலவற்றில் இன்றும் வி.ஜி.ஏ மட்டுமே உள்ளது. புதிய கணினிக்கும் பழைய திரைக்கும் இடையே தோன்றும் சிக்கலுக்கு இதுவே அடிப்படைக் காரணம் ஆகும்.

எதை எதனோடு இணைக்கலாம்

கீழுள்ள பட்டியலில் முதலில் குறிப்பிடப்படுவது கணினிப் பக்கம். இரண்டாவது திரைப் பக்கம்.

* வி.ஜி.ஏ – வி.ஜி.ஏ: எளிய வடம் போதும்.
* டி.வி.ஐ-ஐ – வி.ஜி.ஏ: எளிய மாற்றுமுனை போதும். ஒப்புமைக் குறிகை ஏற்கனவே போர்ட்டில் உள்ளது.
* டி.வி.ஐ-டி – வி.ஜி.ஏ: மின்னணுச் சுற்றுள்ள மாற்றி தேவை.
* டி.வி.ஐ-டி – எச்.டி.எம்.ஐ: எளிய வடம் போதும். ஒலி பெரும்பாலும் செல்லாது.
* எச்.டி.எம்.ஐ – டி.வி.ஐ-டி: எளிய வடம் போதும். ஒலிக்குத் தனி வடம் தேவை.
* எச்.டி.எம்.ஐ – வி.ஜி.ஏ: மின்னணுச் சுற்றுள்ள மாற்றி தேவை.
* வி.ஜி.ஏ – எச்.டி.எம்.ஐ: மின்னணுச் சுற்றுள்ள வேறு வகை மாற்றி தேவை. இதற்குப் பெரும்பாலும் யூ.எஸ்.பி வழியாக மின்சாரம் தர வேண்டும்.
* டிஸ்பிளேபோர்ட் (இரு கூட்டல் குறி உள்ளது) – எச்.டி.எம்.ஐ: விலை குறைந்த எளிய மாற்றி போதும்.
* எச்.டி.எம்.ஐ – டிஸ்பிளேபோர்ட்: மின்னணுச் சுற்றும் மின்சாரமும் உள்ள தனி மாற்றி தேவை. மேலே கூறிய மாற்றியைத் திருப்பிச் செருகினால் இயங்காது.

இப்பட்டியலில் பொருள் இழப்புக்கு மிகுதியும் இடம் தருவது எச்.டி.எம்.ஐ – வி.ஜி.ஏ இணைப்பு ஆகும். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ-யும் மறு முனையில் வி.ஜி.ஏ-யும் கொண்ட, உள்ளே எவ்விதச் சுற்றும் இல்லாத வெறும் வடங்கள் சந்தையில் விற்கப்படுகின்றன. வழக்கமான கணினிகளில் இவை ஒருபோதும் படம் தரா. ஏனெனில் எண்ணிமத்தை ஒப்புமையாக மாற்ற அவற்றுள் எதுவும் இல்லை. உண்மையான மாற்றியில் ஒரு சிறு பெட்டியோ, தடித்த முனையோ இருக்கும். அதற்குள் உள்ள சில்லு, எச்.டி.எம்.ஐ-யின் 18 ஆம் தொடுமுனையில் வரும் 5 வோல்ட் மின்சாரத்தால் இயங்கும். அத்தொடுமுனை குறைந்தது 55 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தர வேண்டும் என்பதே விதி. சில மாற்றிகளுக்கு அதைவிடக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். அதனால்தான் பல மாற்றிகளின் பக்கவாட்டில் யூ.எஸ்.பி மின் வாய் ஒன்று தரப்படுகின்றது. வாங்கும்போது இந்த வாயும், ஒலிக்கான சிறு துளையும் உள்ளனவா எனப் பார்ப்பது நல்லது. முனை தடித்திருப்பது மட்டுமே சான்றாகாது. கடையிலேயே இணைத்துப் பார்த்து வாங்குவது உறுதியான வழி.

தரவு வீதமும் வடத்தின் நீளமும்

ஒரு வடம் எவ்வளவு தரவைச் சுமக்க வேண்டும் என்பதை எளிய பெருக்கலால் அறியலாம். 1920×1080 பிரிதிறனில், கண்ணுக்குத் தெரியாத ஓர இடைவெளிகளையும் சேர்த்தால் ஒரு படத்தின் அளவு 2200×1125 புள்ளிகள் ஆகும். நொடிக்கு 60 படங்கள் எனில், 2200 × 1125 × 60 = 14,85,00,000 புள்ளிகள். அதாவது 148.5 மெகாஎர்ட்சு. எச்.டி.எம்.ஐ-யின் வழக்கமான முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் 30 பிட்டுகள் அனுப்பப்படுவதால், நொடிக்கு ஏறக்குறைய 4.46 கிகாபிட் தரவு செல்கின்றது.

இதே கணக்கில் 3840×2160 பிரிதிறன் 60 எர்ட்சில் 594 மெகாஎர்ட்சும், 17.82 கிகாபிட்டும் ஆகின்றது. 2009 இல் வெளியான எச்.டி.எம்.ஐ 1.4 இன் எல்லை 10.2 கிகாபிட். எனவே அதில் இப்பிரிதிறன் 30 எர்ட்சில் மட்டுமே இயங்கும். 2013 இல் வெளியான 2.0 இன் எல்லை 18 கிகாபிட் என்பதால் 60 எர்ட்சு இயல்கின்றது. கணினி, வடம், திரை மூன்றில் எது மிகக் குறைந்த திறன் உடையதோ, அதுவே முழு இணைப்பின் திறனை முடிவு செய்யும்.

பழைய 17 அங்குலத் திரையின் 1280×1024 பிரிதிறனுக்கு 108 மெகாஎர்ட்சு போதும். இதற்கு விலையுயர்ந்த வடம் தேவையில்லை. ஆனால் மெல்லிய, நீளமான வி.ஜி.ஏ வடத்தில் உயர் அதிர்வெண்கள் தேய்வதால் எழுத்துகளின் ஓரம் மங்கும். மின்மறுப்பு பொருந்தாத இடங்களில் குறிகை திரும்பி வந்து, எழுத்துக்கு வலப்புறம் நிழல் போன்ற இரட்டை உருவைத் தோற்றுவிக்கும். எண்ணிம வடத்தில் இவ்வாறு மங்குவது கிடையாது. குறிகை போதுமான அளவு இருக்கும் வரை படம் முழுமையாக இருக்கும். அதற்குக் கீழே சென்றதும் மின்மினி போன்ற புள்ளிகள் தெரியும். பின் படம் விட்டு விட்டு மறையும். முடிவில் திரை கறுத்துவிடும். தேவையான அளவுக்கு மேல் நீளமான வடத்தைத் தவிர்ப்பது இரு வகைக்கும் பொருந்தும்.

உப்புக்காற்றும் தொடுமுனைகளும்

வடத்தின் தொடுமுனைகள் பொதுவாகச் செப்புக் கலவையால் ஆனவை. அதன்மேல் நிக்கல் படலமும், அதற்கும் மேல் மிக மெல்லிய தங்க முலாமும் பூசப்படுகின்றன. தங்கம் அரிப்புக்கு உள்ளாவதில்லை. ஆனால் மலிவான வடங்களில் இம்முலாம் மிக மெல்லியதாக இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அதில் இருக்கும்.

கடற்காற்றில் வரும் உப்புத் துகள்கள் இத்தொடுமுனைகளில் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை ஈர்த்துத் தானே கரைசலாகிவிடும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு இதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே, ஏறக்குறைய 33 விழுக்காட்டிலேயே, ஈரமாகிவிடும். ஆகவே கடலோர வீடுகளில் படியும் உப்பு முழுவதுமாக உலர்வது அரிது. இவ்வுப்பு நீர் நுண்துளை வழியே செம்பை அடையும்போது, தங்கமும் செம்பும் ஒரு சிறு மின்கலத்தின் இரு தகடுகளைப் போலாகின்றன. அதில் செம்பே கரைகின்றது. பச்சை நிறப் படிவாக வெளிவருவது செம்பின் சேர்மங்கள் ஆகும். இப்படிவு மின்சாரத்தை நன்கு கடத்தாது.

விளைவு எந்த ஊசி அரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. வி.ஜி.ஏ-யில் இதனை நிறத்தைக் கொண்டே அறியலாம்.

* படம் நீலப்பச்சையாகத் தெரிந்தால்: சிவப்பு ஊசி (1) தொடவில்லை.
* படம் ஊதா கலந்த இளஞ்சிவப்பாகத் தெரிந்தால்: பச்சை ஊசி (2) தொடவில்லை.
* படம் மஞ்சளாகத் தெரிந்தால்: நீல ஊசி (3) தொடவில்லை.
* நிறம் சரியாக இருந்து, பிரிதிறன் மட்டும் குறைந்தால்: ஈ.டி.ஐ.டி ஊசிகளில் (12, 15) பழுது இருக்கலாம்.
* குறிகை இல்லை என்று திரை அறிவித்தால்: 13, 14 ஆம் ஊசிகளைப் பார்க்க வேண்டும்.

தூய்மை செய்வதற்கு முன் கணினி, திரை இரண்டையும் அணைத்து, மின் செருகியையும் பிடுங்கிவிட வேண்டும். மடிக்கணினி எனில், கழற்றக்கூடிய மின்கலத்தையும் எடுத்துவிடுவது நல்லது. ஐசோபுரொப்பைல் ஆல்ககால் நனைத்த மென்மையான தூரிகையால் துடைத்து, நன்கு உலர்ந்த பின் செருகலாம். மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது; அவை தூசியையும் உப்பையும் பிடித்து வைக்கும். உப்புத்தாள், பிளேடு போன்றவற்றால் சுரண்டினால் தங்க முலாம் நீங்கிவிடும். அடுத்த அரிப்பு முன்பைவிட விரைவாக நிகழும். வரைகலை அட்டையின் அடிப்பகுதித் தொடுமுனைகளை அழிப்பானால் தேய்க்கும் வழக்கம் பழுது பார்க்கும் கடைகளில் உண்டு. இதுவும் முலாமைத் தேய்ப்பதால், அடிக்கடி செய்யத் தக்கதன்று.

வரும்முன் காப்பது எளிது. நல்ல நிலையில் இயங்கும் இணைப்பைத் தேவையின்றிக் கழற்றாமல் விடுதல், பயன்படாத போர்ட்டுகளை மூடியால் அடைத்தல், கணினியைக் கடலை நோக்கிய சன்னலுக்கு அருகில் வைக்காதிருத்தல், பயன்பாட்டில் இல்லாத வடத்தைச் சிலிக்கா செல் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வைத்தல் ஆகியவை பயன் தரும். அணைத்து, சூடு ஆறிய பின் கணினியைத் துணியால் மூடலாம். இயங்கும்போது மூடினால் வெப்பம் தேங்கும்.

நிலத்தொடுப்பு

எர்த் எனப்படும் நிலத்தொடுப்பு இல்லாத மின்வாயில் கணினியைச் செருகும்போது, மின்வழங்கியில் உள்ள வடிகட்டிச் சுற்றின் காரணமாகக் கணினியின் உலோகப் பகுதியில் 230 வோல்ட்டின் ஏறக்குறையப் பாதியளவு மின்னழுத்தம் தோன்றலாம். இதன் மின்னோட்டம் மிகச் சிறியது. எனினும் தொட்டால் கூச்சம் தெரியும். கணினி ஒரு மின்வாயிலும் திரை மற்றொரு மின்வாயிலும் இருக்கும்போது வடத்தைச் செருகினால், இவ்வேறுபாடு வடத்தின் வழியே பாய்ந்து போர்ட்டைப் பழுதாக்கக்கூடும். மூன்று கால் செருகியின் தடித்த காலை வெட்டிவிட்டு இரண்டு கால் வாயில் செருகுவது இவ்வகையில் தீங்கானது.

ஆகவே இரண்டையும் நிலத்தொடுப்புள்ள ஒரே பல்வாய்ப் பலகையில் இணைத்து, அணைத்த நிலையில் வடத்தைச் செருகி, அதன் பின் மின்சாரம் தருவதே பாதுகாப்பான வரிசை ஆகும். மணல் திட்டு ஊர்களில் நிலத்தொடுப்புக் கம்பி தனிக் கவனத்துக்குரியது. உலர்ந்த மணல் மின்சாரத்தை நன்கு கடத்தாது. உவர்நீர் ஊறிய மணல் நன்கு கடத்தும்; ஆனால் இரும்புக் கம்பியை விரைவில் அரித்துவிடும். எனவே முன்பு போட்ட நிலத்தொடுப்பு இன்றும் உள்ளது எனக் கருதாமல், மின்பணியாளரைக் கொண்டு குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிப்பது நல்லது.

படம் வராதபோது

பின்வரும் வரிசையில் சோதித்தால், செலவில்லாத காரணங்கள் முதலில் நீங்கும்.

1. திரையின் மின்விளக்கு எரிகின்றதா எனப் பார்க்க வேண்டும். எரியாவிடில் பழுது படக் குறிகை வடத்தில் இல்லை. மின்சாரப் பக்கத்தில் உள்ளது.
2. திரையின் பொத்தான்கள் மூலம் சரியான உள்ளீடு தெரிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். வி.ஜி.ஏ-யும் எச்.டி.எம்.ஐ-யும் உள்ள திரை, தவறான வாயை நோக்கிக் காத்திருக்கக்கூடும்.
3. மேசைக் கணினியில் தனி வரைகலை அட்டை இருந்தால், வடம் தாய்ப்பலகையின் போர்ட்டில் இல்லாமல் அட்டையின் போர்ட்டில் செருகப்பட்டிருக்க வேண்டும். அட்டையின் போர்ட்டுகள் கணினியின் பின்புறத்தில் கிடைமட்ட வரிசையாகத் தனித்துத் தெரியும்.
4. திரை உடைந்த மடிக்கணினியில் வெளித்திரைக்கு மாறும் விசைகளை அழுத்திப் பார்க்க வேண்டும். விண்டோசு இயங்குதளத்தில் விண்டோசு விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் இதற்கான தெரிவு வரும்.
5. வடத்தைக் கழற்றி, ஊசிகள் வளைந்துள்ளனவா, பச்சைப் படிவு உள்ளதா எனப் பார்த்து, மீண்டும் செருக வேண்டும். ஒருமுறை கழற்றிச் செருகும்போது ஏற்படும் உராய்வே மெல்லிய படிவை நீக்கிவிடுவது உண்டு. வி.ஜி.ஏ திருகாணிகளைக் கையால் மட்டும் இறுக்க வேண்டும்.
6. இடையில் மாற்றி இருந்தால், அது மின்னணுச் சுற்று உள்ளதா, சரியான திசைக்கு உரியதா, போதுமான மின்சாரம் பெறுகின்றதா எனப் பார்க்க வேண்டும்.
7. இயங்கும் என்று தெரிந்த வேறு வடத்தையும், பின் வேறு திரையையும் இணைத்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பழுது என்பது தெரியாது.

காப்புரிமையுள்ள சில திரைப்படங்களும் காணொளிகளும் வி.ஜி.ஏ மாற்றி வழியாகத் தோன்றாமல் போகலாம். எச்.டி.எம்.ஐ-யில் உள்ள நகல் தடுப்பு முறையை ஒப்புமைத் திரைகள் ஏற்காமையே இதற்குக் காரணம். மற்றவை தெளிவாகத் தெரிந்தால் மாற்றியில் பழுது இல்லை.

டிஸ்பிளேபோர்ட் வடங்களில் 20 ஆம் தொடுமுனை இரு பக்கமும் இணைக்கப்பட்டிருக்கக் கூடாது என்பது தரவிதி. இவ்விதியை மீறிய மலிவான வடங்களில் திரையிலிருந்து மின்சாரம் கணினிக்குள் பின்னோக்கிப் பாயும். கணினி தொடங்க மறுத்து, வடத்தைக் கழற்றியதும் இயல்பாகத் தொடங்கினால், வடத்தையே முதலில் ஐயுற வேண்டும்.

ஏழு படிகளையும் கடந்த பின்னும் படம் வராவிடில் மட்டுமே, பழுது வரைகலை அட்டையிலோ தாய்ப்பலகையிலோ இருக்கலாம் எனக் கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்கவும்

* வரைகலை அட்டை
* படப்புள்ளி
* மின்வேதி அரிப்பு
* பழவேற்காடு ஏரி